ஆறுக்கு ஆறு

ஏழு பத்து திருவள்ளூர் லோக்கல்.
லேடீஸ் பெட்டியில் எங்களுக்கு ஒரே ஒரு இயர்போன்,
எப்சிபாவுக்கு வலது, எனக்கு இடது.
ஆகவே என் ஒரு காதில் கொரியா,
மறு காதில் வியாசர்பாடி ஜீவா,
மல்லி முழம் இருபது,
கொஞ்சம் நகருங்கக்கா.

தீவில் பிறந்த ஒருத்தி
பயணிகள் படகு ஓட்டக் கற்கிறாள்.
பதினாறு எபிசோடு.
நாலாவதில் வேலையிலிருந்து தூக்கினார்கள்.
ஏழாவதில் குடை பிடிக்க ஒருவன் வந்தான்,
பேசின் பிரிட்ஜில் நெட் போய்
அவன் முகத்தின் நடுவே வட்டம் சுற்றியது.
பத்தாவதில் முதல் பனி விழுந்தது.
பெட்டியில் எல்லோருக்கும் வேர்த்துக்கொண்டிருந்தது.

"இங்க மழைக்கு எவன்டி குடை பிடிக்கிறான்,
ஆட்டோக்காரன் எரநூறு கேப்பான்"
என்பாள் எப்சிபா. சிரித்தாலும்
கண் திரையைவிட்டு நகராது.

அவளுக்குக் கனவு உண்டு,
அறிவிக்கை எண்ணோடு.
ரயில் ஓட்ட வேண்டும்.
அண்ணனூர் ஷெட்டுக்குப் பின்னால் வீடு;
காலி ரயில்கள் தூங்கப் போவதைப்
பல் தேய்த்துக்கொண்டே பார்த்து வளர்ந்தவளாம்.
மடியில் கூரியர் ஆபீசின் பழைய ரசீதுக்கட்டு,
பின்பக்கமெல்லாம் கணக்கு.

எனக்கு அப்படி ஒன்றும் இல்லை.
இதை யாரிடமும் சொன்னதில்லை.
இந்தத் தொடர்களில் கனவில்லாத பெண்ணுக்குத்
தோழி வேடம்தான் கொடுப்பார்கள்,
நூடுல்ஸ் கிண்டிவைத்து
"உன்னால் முடியும்" என்கிற வேடம்.
சொன்னேன். தினமும், அண்ணனூர் வரும்போது,
முஷ்டி உயர்த்தி, அவர்கள் பாணியில்.

ஆனால் நான் பிராட்வேயில்
மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள்.
போனை அவள் எவ்வளவு அருகில் இழுக்கிறாள் என்று
மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது.
"என்னடி போட்டிருக்கு?" என்பாள்,
கீழே ஓடும் எழுத்தை நான் படித்துச் சொல்வேன்.
கதாநாயகி "அப்பா" என்று அலறும்போது மட்டும்
கேட்கமாட்டாள்.
அங்கேயும் அப்பா அப்பாதான்.

கண்ணாடி போடாமல் ஆறுக்கு ஆறு.
இல்லாவிட்டால் என்ஜினில் ஏற்றமாட்டார்கள்.
எனக்குத் தெரியும். அவளுக்கும்
தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.
அப்படி நினைப்பது சௌகரியமாக இருந்தது.

எழுத்துத் தேர்வில் பாஸ்.
பெட்டிக்கே சமோசா வாங்கிக் கொடுத்தாள்.
பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் மெடிக்கல்.
பிறகு ஒன்பது நாள் அவளைக் காணவில்லை.
பதினாறு எபிசோடில்
மெடிக்கல் என்று ஒன்று வந்ததே இல்லை.

அந்த வாரம் கடையில்
ஏழெட்டுப் பேருக்குப் பலகையைக் காட்டினேன்.
கடைசி வரி தெரியுதா. இப்ப. இப்ப.
ஒரு பையன் தெரியாத எழுத்தையெல்லாம்
ஊகித்து ஊகித்துச் சொல்லிக்கொண்டே போனான்.
பாதி சரி.
நான் திருத்தவில்லை.

கடைசி எபிசோடைத் தனியாகப் பார்க்கவில்லை.
இது தியாகமெல்லாம் இல்லை,
வலது பக்கம் தொங்கிய வயரைப் பார்த்தபடி
திருநின்றவூர் வரை போனேன், அவ்வளவுதான்.

பத்தாம் நாள் வந்தாள். உட்கார்ந்தாள்.
வயரை எடுத்துக் காதில் சொருகிக்கொண்டாள்.
"நீ கண்ணாடிக் கடதானே" என்றாள்.
ஆமாம் என்றேன்.
கொரட்டூர் வரை இருவரும் பேசவில்லை.

திரையில் படகு. வெள்ளைச் சட்டை.
கரை நிறைய ஆட்கள் கையசைக்க
அவள் சுக்கானைத் தொட்டு ஏதோ சொல்கிறாள்.
"என்னடி போட்டிருக்கு?"

இதற்காகத்தான் பிறந்தேன், என்று போட்டிருந்தது.
"பசிக்குதாம்" என்றேன்.

எப்சிபா போனை வாங்கி
மூக்கருகே கொண்டுபோய்
அந்த இடத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தாள்.
ரொம்ப நேரம் பார்த்தாள்.
"ஆமா" என்றாள்,
"பாவம், காலையிலேர்ந்து சாப்பிடல போல."

அண்ணனூரில் இறங்கினாள்.
காதிலிருந்து கழன்ற வலது பக்கம்
என் மடியில் கிடந்து
முடிவுப் பாட்டைச் சின்னதாய்ப் பாடிக்கொண்டே வந்தது,
ஆவடி தாண்டியும்.