இடப்புறம் காலி

அவன் மூச்சு எனக்குத் தெரியும்.
முகம் தெரிய நான்கு வருடம் ஆயிற்று.

மரிபோரில் நான் பல் செய்கிறவள்.
பகலெல்லாம் பீங்கானைச் சுட்டு, மஞ்சள் கலந்த வெள்ளை பூசி
யாரோ ஒருவரின் கடைவாய்க்கு அனுப்புகிறேன்.
இரவில் ஹெட்போனை மாட்டினால்
கயானியில், பின்லாந்தின் ஒரு மூன்றாம் மாடியில்
ஆர்மாஸ் மூச்சு விடுகிறான்.
இருவருக்கும் சொந்தமல்லாத ஒரு மொழியில்
நூறு வார்த்தை வைத்திருக்கிறோம். போதும்.

அவன் கார்:
அலுமினியச் சட்டம், பழைய வேனில் கழற்றிய இருக்கை,
தரையோடு திருகிய மிதிகள்.
பிரேக்கில் அறுபது கிலோ விழும்.
விழும்போதெல்லாம் கீழ்வீட்டு ஹில்க்கா
துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பாள்.
அந்த இடியை எண்ணியே
எந்த வளைவில் இருக்கிறான் என்று சொல்லிவிடுவேன்.

முதல் பரிசு ஒரு கீபோர்டு,
அதற்குச் சுங்கவரி நாங்களே கட்டினோம்.
மூன்றாம் வருடம் ஒரு கார் கம்பெனி,
நிஜக் கார்கள் செய்கிற கம்பெனி,
கடிதம் போட்டது: மாதச் சம்பளம், பெயர் தைத்த சட்டை,
கழுத்து வலிக்கு ஒரு வைத்தியர்,
'ஓட்டுநர்' என்று அச்சடித்த அட்டை.
ஆர்மாஸிடம் லைசென்ஸ் கிடையாது.
பஸ்ஸில் போய்க் கையெழுத்திட்டான்.
என் அட்டையில் 'பொறியாளர்'.
பல் டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
பின்பக்கம் வேறு வேலை எழுதியிருக்கும் என்பதுபோல.

நான் சொல்வதெல்லாம் இவ்வளவுதான்:
வலப்புறம் ஒருவன். பாதி நீளம். இன்னும் இருக்கிறான்.
இடப்புறம் காலி.
டயர் முப்பது சதம். எரிபொருள் ஏழு சுற்றுக்கு.
இல்லாத டயர், இல்லாத எரிபொருள்.
தீர்ந்தால் தோற்பது மட்டும் உண்டு.

வேக வளைவில் அவன் மூச்சைப் பிடிப்பான்,
மூன்று நொடி.
பிறகு விடுவான், ட்யூபில் ஆணி ஏறியதுபோல.

இருபத்துநாலு மணிநேரப் பந்தயம். பத்தொன்பதாவது மணி.
திரையில் மழை, கயானியில் கம்பிகள் மேல் பனி.
திடீரென்று மூச்சு இல்லை.
கார் ஓடிக்கொண்டிருந்தது.

ஆர்மாஸ், கேட்கிறதா.

செத்தது மைக்கா, மனுஷனா?
எட்டாம் வளைவில் கார் ஒரு இமை தாமதித்துத் திரும்பியது.
அந்தத் தாமதம் அவனுடையது,
கைரேகை மாதிரி.
ஆகவே பேசினேன்.
நாற்பத்தொரு நிமிடம், பதில் வராத ஒரு காதுக்குள்:
ஒருவன் இருக்கிறான், இருக்கிறான், காலி.
ஜெபம் சொல்கிறவர்கள்கூட நடுவில் இருமுவார்கள்.

ஆறாவதாக வந்தோம்.
என் குரல் கேட்டதா என்று டைப் அடித்தேன்.
கேட்டது, கொஞ்சம் மெதுவாகப் பேசலாம் என்று வந்தது.

இந்த வருட இறுதிச்சுற்று லைப்சிக்கில்.
ஓட்டல் வரவேற்பறையில் என் தோளுயரத்தில் ஒரு ஆள்
கை நீட்டினான்.
வானிலையைப் பேசினோம். வானிலை தீர்ந்தது.
எங்களுக்கிடையில் சொல்வதற்கு
ஒரு காரும் வரவில்லை.

அரங்கத்துக்கு டாக்ஸி. பின்சீட்டில் இருவர், ஈர ரோடு.
ரொட்டி தின்றபடி ஒரு கையால்
மேம்பாலத்து வளைவைத் திருப்பினார் டிரைவர்.
ஆர்மாஸின் உடம்பு என் மேல் சரிந்தது.
சரியும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.
மூன்றாம் மாடியில் வளைவு கண்ணுக்குத்தான் வரும்,
விலாவுக்கு வராது.
இடக்கால் தானாக நீண்டு
முன்சீட்டின் முதுகில் அறுபது கிலோ வைத்தது.
டிரைவர் கண்ணாடியில் முறைத்தார்.

என் காதருகே, ஹெட்போன் இல்லாமல்,
மூச்சு நின்றது.
ஒன்று.
இரண்டு.

ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னேன்:
இடப்புறம் காலி.

விட்டான்.