இரண்டு மருந்து

பாடாங் செராயில் டயர் கடைக்கு மேல் என் அறை.
கீழே நட்டு கழற்றும் சத்தம், இருட்டும் வரை.
மேலே, மேசையில், ஒரு தோல்:
பதினைந்து மைக்ரோன் கனம்.
முடி இல்லை, வியர்வை இல்லை,
முப்பத்திரண்டு டிகிரிக்கு மேல் சூடேறாது.
என் கணினியில் மட்டும் உயிரோடிருக்கிற தோல்.

மேல்முகத்தில் மருந்து.
அடிமுகத்தில் பூஜ்யம்.
அப்படித்தான் எழுதுவது வழக்கம்:
உட்பக்கச் செறிவு பூஜ்யம் எனக் கொள்க.
வந்ததை வந்ததும் ரத்தம் அள்ளிக்கொண்டு போகிறது,
ஆகவே எவ்வளவு வாங்கினாலும்
உள்ளே ஒன்றும் இல்லை.

"என் சம்பளம் மாதிரி," என்றாள் புஷ்பலீலா.

பின்வீட்டுக்காரி. முதுகுவலி.
கிளினிக்கில் கொடுத்த பிளாஸ்திரியைச்
சமையல் கத்தரியால் இரண்டாக நறுக்கிக்கொண்டு
கேட்க வந்தாள்:
"பாதி ஒட்டினா பாதி வலி போவுமா, சயின்ஸ்காரி?"

(நறுக்கக்கூடாத வகை இல்லை. உறையைப் பார்த்துவிட்டேன்.)
பரப்பு பாதியானால் பாய்வும் பாதி.
அது நேர்கோடு.
வலி எந்தக் கோடென்று எனக்குத் தெரியாது என்றேன்.
காலையில் ஒட்டினால் வேலை முடிந்து
வேன் ஏறும்போதுதான் கேட்கிறதாம்.

கனத்தின் வர்க்கத்தை
விரவல் கெழுவின் ஆறு மடங்கால் வகுத்தேன்.
ஏழு மணி நேரம்.
செத்த செல்கள் செங்கல்லாய் அடுக்கிய சுவரில்
இடுக்கு இடுக்காய்ப் புகுந்து
முதல் துளி மறுபக்கம் எட்டிப் பார்க்க
அவ்வளவு நேரம்.

"ராத்திரி பத்துக்கு ஒட்டு.
அஞ்சுக்கு வந்துடும், பெரட்டுக்கு முன்னாடி."

மறுவாரம் இரண்டு பொட்டலம் நாசி லெமாக் கொண்டுவந்தாள்.
கணிதத்துக்கு எனக்குக் கிடைத்த முதல் கூலி.

இன்னும் சரியாக எங்கே ஒட்டுவது என்று
சட்டையை உயர்த்தி முதுகைக் காட்டினாள்.
தோள்பட்டையில் பழைய பிளாஸ்திரியின் வெள்ளை விளிம்பு.
அதற்கு நாலு விரல் தள்ளி
பட்டை அழுத்திய தடத்தோடு நீளமாய்ச் சிவந்த திட்டு.

"பம்பு மூடி ஒழுகுது. வாஷர் போச்சு.
மண்டோர்கிட்ட சொல்லியாச்சு."
"எத்தனை நாளா?"
"நாளா?" என்றாள்.

பதினாறு லிட்டர் பம்பைச் சுமந்து
செம்பனை வரிசைகளுக்கிடையில்
புஷ்பலீலா மருந்து அடிக்கிறாள்.
நம் மொழியில் அதுவும் மருந்து.

அன்றிரவு அதே கோப்பைத் திறந்தேன்.
கெழுவை மாற்றினேன், செறிவை மாற்றினேன்.
என் தோலுக்கு முதன்முறையாக வியர்வை கொடுத்தேன்,
பதினொரு மணி வெயில் கொடுத்தேன்.
சமன்பாட்டில் ஒரு குறி கூட நகரவில்லை.
ஒட்டியதா ஒழுகியதா என்று அது கேட்பதில்லை.
முதலில் தரையோடு படுத்துக் கிடந்து
பிறகு மெல்லத் தலை தூக்கும் வளைவு,
போன வாரம் அவளுக்கு நான் வரைந்து கொடுத்த அதே வளைவு,
இன்னும் கொஞ்சம் செங்குத்தாய்.

"வீட்டுக்கு வந்ததும் குளிச்சிடுறேன்ல?"

குளியலையும் போட்டுப் பார்த்தேன்.
மேல்முகம் பூஜ்யம், மாலை மூன்று மணி.
வளைவு உடனே இறங்கவில்லை.
சுவருக்குள் ஏற்கெனவே நுழைந்தது
பாதி வெளியே திரும்ப, பாதி உள்ளே நடந்தது,
அவள் தொடர் நாடகம் பார்க்கும்போதும்,
தூங்கும்போதும்.

அடிமுகத்தில் பூஜ்யம் என்று போட்ட இடத்தில்
கர்சர் மினுங்கியது.
அள்ளிக்கொண்டு போகிற ரத்தம்
அதை எங்கே கொண்டு வைக்கிறது என்பது
என் மாதிரியின் எல்லைக்கு வெளியே.

தாளைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தாள்.
"இதுல எது நல்ல மருந்து?"
கோடுகளுக்குப் பெயர் போட மறந்திருந்தேன்.
"போடாத. அப்படியே ஆபீசுல குடுக்கிறேன்.
அவங்க சொல்லட்டும்."

ஆபீஸ் திங்கட்கிழமைதான் திறக்கும்.
கீழே இறங்கி ஆ செங்கிடம் கேட்டோம்.
டப்பாவைக் கொட்டி, மூடியில் வைத்து வைத்துப் பார்த்து
ஒரு கறுப்பு வளையத்தை எடுத்தார்.
இரண்டு மில்லிமீட்டர் ரப்பர்.
என் தோலைவிட நூற்று முப்பத்து மூன்று மடங்கு கனம்.
காசு வேண்டாம் என்றார்.