சிவக்காத இடம்

லீட்ஸ் மழைக்குக் குடை ஒரு பொருட்டில்லை.
இரவு வேலை முடிந்து பஸ்ஸின் மேல்தட்டு,
முன் இருக்கை, கண்ணாடியில் என் மூச்சு.
போனில் மூன்று கடிதங்கள்.

கிளாஸ்கோ: நான்கு ஆண்டு, முழுநேரம், உதவித்தொகை உண்டு.
கேள்வியை அவர்களே வைத்திருக்கிறார்கள்.
விழுந்துவிடும் முதியவர்களின் மெத்தைக்கடியில் ஒரு கருவி.
நான் போய் எண்ணினால் போதும்.

இங்கேயே இன்னொன்று: ஆறு ஆண்டு, பகுதிநேரம்.
வார்டை விட வேண்டாம்.
கட்டணம் என் கையிலிருந்து.
கேள்வியும் என் கையிலிருந்து.

மூன்றாவது எடின்பரோ, மிக மரியாதையாக:
முதுகலை முடித்துவிட்டு வாருங்கள்.
அதை நான் அழிக்கவில்லை. ஏனென்று தெரியவில்லை.

ஜெனிஷ் எக்செல்லில் கட்டம் போட்டிருக்கிறான்.
எனக்கு மாணவர் விசா என்றால் அவன் வேலை என்ன ஆகும்?
அந்தக் கட்டத்தில் வெறும் கேள்விக்குறி.
குழந்தைக்கு என்று கட்டம் இல்லை.
அதைப் பற்றி நாங்கள் பேசவும் இல்லை.

மார்த்தாண்டத்திலிருந்து அம்மை:
"டாக்டருக்கா படிக்கப்போற? அப்போ ஊசி ஆரு போடுவா?"
இது வேற டாக்டர், அம்மா.
"எத்தன வகை டாக்டரு உண்டு மக்களே?"
முனைவர் என்றேன்.
பென்சில் சீவுவதுபோல் கேட்டிருக்கும் அவளுக்கு.

ஏழாம் படுக்கை, மிஸ்டர் லிபர்ட்.
முப்பத்தொரு ஆண்டு இந்த ஊருக்கு பஸ் ஓட்டியவர்.
இடுப்பெலும்பு முறிவு.
இரண்டு மணிக்கொரு தடவை புரட்டினோம்,
புரட்டியதற்குக் கையெழுத்திட்டோம்.
படிவத்தில் ஒரு கேள்வி: தோல் சிவந்திருக்கிறதா?
இல்லை. இல்லை. இல்லை. இல்லை.
நான்கு இரவு, நான்கு கையெழுத்து.
இரண்டு என்னுடையது.
ஐந்தாம் நாள் காலை விரிப்பில் ஈரம்.

விரலால் அழுத்து என்கிறது புத்தகம்.
வெளுத்துத் திரும்பினால் பயமில்லை,
சிவப்பு அப்படியே நின்றால் புண் தொடங்கிவிட்டது.
யாருடைய தோலில் என்று அது சொல்லவில்லை.
படத்தில் இருந்தது ஒரு பால்நிற முதுகு.

நாகர்கோவிலிலும் அதே புத்தகம், அதே முதுகு.
நாற்பத்திரண்டு கறுத்த மாணவிகள்
கறுத்த நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே
சிவப்பு என்று எழுதி
முழு மதிப்பெண் வாங்கினோம்.

அதற்கும் முன்னால், பள்ளிக்கூடத்தில்,
மாமை படித்தோம். பசலை படித்தோம்.
மாந்தளிர் நிற உடம்பில்
ஒரு துயரம் எப்படித் தெரியவரும் என்று
ஒரு மொழி உட்கார்ந்து சொல் தேடியிருக்கிறது.
தேர்வுக்கு வரும் என்றார் தமிழ் டீச்சர்.
வார்டுக்கு வரும் என்று யாருக்குத் தெரியும்?

வீடியோவில் நேர்காணல்.
பின்னால் துணி காயும் கம்பி தெரியாமல்
லேப்டாப்பைத் திருப்பி வைத்திருந்தேன்.
"இளங்கலையிலிருந்து நேராக முனைவர் பட்டமா?
கொஞ்சம் அவசரமில்லையா?"
புண்ணின் ஆழம் நான்கு சென்டிமீட்டர் என்றேன்.
பஞ்சுக்குச்சியால் அளந்தது நான்.
பேராசிரியர் குனிந்து ஏதோ குறித்துக்கொண்டார்.
நல்லதா கெட்டதா, முகத்தில் எழுதியிருக்கவில்லை.

நேற்றிரவு லிபர்ட்டிடம் சொன்னேன்,
அந்த நான்கில் இரண்டு என் கையெழுத்து என்று.
சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.
வெகுநேரம் கழித்து,
தண்ணீர் வேண்டும் என்றார்.
கொடுத்தேன். அவ்வளவுதான்.

கிளாஸ்கோவுக்கு நன்றி சொல்லி நான்கு வரி.
அனுப்பிவிட்டு நிமிர்ந்தால்
என் நிறுத்தம் பின்னால் போய்விட்டது.
மணியை அழுத்தினேன்.
பெருவிரல் நகத்தடியில் வெளுத்து,
மெல்லத் திரும்பியது நிறம்.

ஒரு நிறுத்தம் மழையில் திரும்பி நடக்கவேண்டும்.
ஜெனிஷிடம் இன்னும் சொல்லவில்லை.