கூட்டல் கழித்தல் அரைப் பாகை

அங்கே காலை ஒன்பது.
உவர்மலையில் பகல் ஒன்றரை, சோற்று மயக்கம்.
பேராசிரியர் பலகையில் சூரியனை வரைகிறார்.
அசல் என் யன்னலுக்கு வெளியே நிற்கிறது,
திரையில் விழுந்து
அவர் வரைந்ததில் பாதியை அழிக்கிறது.

மண்டபத்தில் இருபத்திரண்டு பேர்:
லாகோசிலிருந்து போன சினேடு,
வலென்சியாவின் இனெஸ்,
குளிருக்கு ஒரே ஹீட்டரைச் சுற்றி எல்லாரும்.
இருபத்துமூன்றாவது ஆள் நான்,
சுவரில் தொங்கும் ஒரு சதுரம்.

என் கடவுச்சீட்டு கொழும்பில்
யாரோ ஒருவருடைய லாச்சிக்குள் கிடக்கிறது.
"அணு என்றால் எந்த அணு?"
இணைவு, சேர். பிளவு இல்லை.
"வித்தியாசத்தை எழுதித் தாரும்."
இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன்,
படமும் கீறி.
அதற்கு இந்தச் செவ்வாயோடு பதினொரு கிழமை.

குசினியிலிருந்து அம்மா கேட்கிறாள்:
"இஞ்ச உலை கொதிக்குது. உன்ர உலை எப்பிடி?"
பதினைந்து கோடி பாகை, அம்மா.
"எந்தச் சட்டியில?"
சட்டி இல்லை. அதுதான் பாடமே.

காந்தத்தால் கட்டிய வெறும் வளையம்.
நெருப்பு சுவரைத் தொட்டால்
சுவர் உருகிவிடும் என்றுதான்
இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.
சுவருக்குக் காயம்தான்.
ஆனால் முதலில் சாவது நெருப்பு.
ஒரு கீற்று உரசினால் போதும்,
கண்ணிமைக்குமுன் குளிர்ந்து
ஒன்றுமே நடக்காதது போலாகிவிடும்.

மின்சாரத்தின் எதிர்காலம் என்ற பின்னேர வகுப்பில்
கரண்ட் போனது.
விசிறி மூன்று சுற்றுச் சுற்றி நின்றது.
குடாவின் அக்கரையில் மாவாலை மட்டும்
சொந்த ஜெனரேட்டரில் மினுங்கியது.
கடைசியாக என் காதில் விழுந்தது
"இன்னும் முப்பது வருடத்தில்".

ஆய்வுகூடத்துக்கு முப்பது வீதப் புள்ளி.
எனக்கு ஆய்வுகூடம் இல்லை.
"கிடைக்கிற எதையாவது அளந்து அனுப்பு.
பிழையையும் சேர்த்து அனுப்பு"
என்று எழுதினார் உதவியாளர்.

நுஸ்ராவின் ஸ்கூட்டியில் கன்னியாவுக்குப் போனோம்.
நுழைவுச்சீட்டுக் கொடுத்தவர்
வெப்பமானியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
தண்ணிக்குக் காய்ச்சலா என்று கேட்டுவிட்டு
அவரே சிரித்தார்.

ஏழு கிணறு, ஏழு சூடு.
எல்லாம் சதுரம், என்னைப்போல.
நான் எண்ணைச் சொல்ல நுஸ்ரா எழுதினாள்:
முப்பத்தேழு. முப்பத்தெட்டு தசம் ஐந்து.
நாலாவதில் ஒரு சின்னப் பெடியன்
வாளியைப் போட்டுவிட்டு அழுதான்,
அதை எடுத்துக் கொடுத்த பிறகு மறுபடி முதலில் இருந்து.

ஐந்தாவதின் பக்கத்தில் ஒருவர்,
மழித்த தலை, ஈர வேட்டி.
"பிள்ளை, எதில சூடு கூட?"
இதிலதான், அண்ணை. நாற்பத்தொன்று.
"அப்ப சரி.
அம்மாவுக்குக் கொதிக்கக் கொதிக்க வேணும்,
ஆறினால் தேத்தண்ணியைக்கூட
முற்றத்தில ஊத்திப்போடுவா."

அள்ளி அள்ளித் தலையில் ஊற்றினார்.
அவர் அள்ள அள்ள
என் எண் இறங்கிக்கொண்டே போனது.
வேறு கிணற்றுக்குப் போங்கோ என்று
எப்படிச் சொல்வது?
நுஸ்ரா பேனையை மூடிவிட்டாள்.
அவர் போன பிறகும் கொஞ்சநேரம் இருந்தோம்.
அடியிலிருந்து சூடு
தன் பாட்டில் ஏறி வந்தது.

அறிக்கையில் புள்ளிகளை இட்டேன்,
ஒவ்வொன்றுக்கும் மேலும் கீழும் பிழைக்கோடு,
கூட்டல் கழித்தல் அரைப் பாகை.
ஐந்தாவதுக்கு மட்டும் இரண்டு.

இருபதுக்குப் பதினாறு வந்திருக்கிறது.
ஓரத்தில் சிவப்பில் ஒரு கேள்வி:
ஐந்தாம் அளவீட்டில் ஏன் இவ்வளவு பிழை?
கருவியா, சூழலா?

விசா அலுவலகத்துக்கு எழுதியது போல
இதற்கும் இரண்டு பக்கம் எழுதலாம்.
ஆங்கிலத்தில் தொடங்கினேன், அழித்தேன்.
மணி ஒன்று இருபது.
அம்மா உலையில் அரிசி போடும் சத்தம்.
கமெராவுக்கு முன்னால்
தலைமயிரை ஒதுக்கிவிட்டு
எழுதுகிறேன்:
சூழல்.