பஞ்சு

தார்த்து நகரம். பிப்ரவரி. ஆய்வகச் சன்னலில் பனி.
ஹெட்போனுக்குள் ஒரே வசை, ஒரே குரல்,
இருவருக்கும்.

தார்வோவின் நாடி நூற்று முப்பது;
தாடை இறுகி, கை முஷ்டியாகி,
நான்கே நிமிடத்தில் பழையபடி. காபி கேட்டார்.

மாரிகாவின் கோடு அசையவே இல்லை.
'ஒன்றுமில்லை' என்று எழுதப்போனேன்.
எச்சில் ஊறிய பஞ்சை நீட்டியபோது
விரல்கள் ஐஸ்.
கதவை ஐந்துமுறை பார்த்திருந்தாள்.
அதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

இரவு, பேருந்தில் ஒரு குடிகாரன்
என் முகத்துக்கு நேரே கத்தினான்.
ஓட்டுநர் திரும்பவில்லை.
நான்
சிரித்தேன், பல்லெல்லாம் தெரிய.

வீட்டுக்கு வந்து பூட்டிய பிறகுதான்
முழங்கால் நடுங்கத் தொடங்கிற்று,
பேருந்தைத் தவறவிட்டு
நடந்தே வந்து சேர்ந்ததுபோல.

குளியலறைப் பஞ்சைக் கடித்துக்கொண்டு
மணி பார்த்தேன்:
பதினொன்று இருபது.