எட்டு முந்திரி

கட்டையின் அகலம் பத்து சென்டிமீட்டர்.
அப்பாவின் படகு விளிம்பு அதைவிடக் குறுகல்.
தொத்தொத்தோ என்று இருமிக்கொண்டே
செர்ஜிபி ஆற்றை நாளெல்லாம் கடக்கும் படகு.
ஆறு வயது ஜசியாரா அந்த விளிம்பில் நடப்பாள்.
இறங்கும் பயணிகள்
சில்லறையோடு ஒரு திட்டும் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

பதினொரு வயதில் தெற்கே அனுப்பினார்கள்.
இரண்டு பகல், இரண்டு இரவு பஸ்.
குரிச்சிபாவில் ஜூன் மாதம்.
தன் வாயிலிருந்து புகை வருவதை முதன்முறையாகப் பார்த்தவள்
உள்ளே ஏதோ பற்றிக்கொண்டது என்று
உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

பயிற்சியாளர் மிரோஸ்லாவா, உக்ரைன்காரி.
அவளுக்குத் தெரிந்த போர்த்துகீசியம் ஐந்து சொல்:
மறுபடி, முழங்கால், தாடை, இல்லை, மறுபடி.

அரகாஜுவிலிருந்து அம்மா அனுப்பிய
வறுத்த முந்திரி டப்பாவை
மிரோஸ்லாவா தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.
நாளைக்கு எட்டு.
மருந்துபோல் எண்ணித் தருவாள்.
ஜசியாரா ஒவ்வொன்றையும் நகத்தால் பிளந்து
பதினாறாக்கித் தின்பாள்.
போர்வைக்குள், விளக்கணைந்த பிறகு,
சத்தம் வராமல்.

அப்புறம் நடந்ததைப் பத்திரிகைகள் எழுதின.
எழுதாமல் விட்டது:
இடது கணுக்காலில் இரண்டு திருகாணிகள்,
மழைக்கு முந்தின நாளே அவை பேச ஆரம்பிக்கும்.
ஒரு வெண்கலம்.
அதன் நாடாவில் இன்னும் போகாத மக்னீசியப் பொடி.
அப்பாவின் சிநேகிதர் ஒருவர்
தன் புதுப் படகுக்கு அவள் பெயர் வைத்தார்;
இரண்டாம் வருடமே அது ஓட்டையானது.

பிறகு அந்தக் குளிர்நாட்டு அரங்கு.
தரைப் பயிற்சி. அக்கார்டியன் முடியப் போகிறது.
மூலையிலிருந்து ஓடி
இரண்டு முறை உலகத்தைத் தலைகீழாக்கி
வந்து நின்றாள்.

நின்றாளா?
வலது பாதம் மட்டும்,
அடுத்த அறையிலிருந்து யாரோ கூப்பிட்டதுபோல்
கொஞ்சம் நகர்ந்தது.
நான்கு நடுவர்களில்
ஒருவரின் பென்சில் மட்டும் அதைப் பார்த்தது.
பத்தில் ஒன்று கழித்தது.
நான்கால் வகுத்தார்கள்.

இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேர்.
அவள் ஒன்பது.
வித்தியாசம் நாற்பதில் ஒரு பங்கு.

நம் பழைய வாய்ப்பாட்டில்
முந்நூற்று இருபதில் ஒரு பங்குக்கு
முந்திரி என்று பெயர்.
ஒரு இரவு தூக்கமில்லாமல் வகுத்துப் பார்த்தேன்.
சரியாக எட்டு.
இதை அவளிடம் சொல்ல முடியாது.
அவள் மொழியில்
அந்தப் பருப்புக்கு இந்தக் கணக்கு தெரியாது.
தெரிந்தாலும், சொல்லி என்ன?

இருபத்தாறில் ஓய்வு.
விழா இல்லை. அலமாரிச் சாவியைத் திருப்பித் தந்ததற்கு
ஒரு கையெழுத்து.

இப்போது அரகாஜுவில் மெத்தைக் கடை.
வருகிறவர்கள் உள்ளங்கையால் அழுத்திப் பார்க்கிறார்கள்.
அவளுக்கு அது வேண்டாம்.
சாய்த்து வைத்ததைத் தரையில் சரிக்கும்போது
எழுகிற சத்தம் போதும்;
எது எலும்பைத் தாங்கும்,
எது தாங்குவதாக நடிக்கும்,
சொல்லிவிடுவாள்.
"இது கெட்டியா?"
"விழுந்து பாருங்கள்."
யாரும் விழுவதில்லை.
ஓரமாக உட்காருகிறார்கள்,
பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள்போல்.

சனிக்கிழமை, கதவை இறக்கிய பிறகு,
சுமை ஏற்றும் ஜெனிவால்டோ
காகிதப் பொட்டலம் ஒன்றை நீட்டினான்.
கடற்கரையில் வாங்கியதாம். உடைசல், அதனால் மலிவு.
பழக்கத்தில் அவள் விரல் எண்ணத் தொடங்கி
நின்றது.
முழுசு ஒன்றுகூட இல்லை.
எல்லாம் பின்னம்.

ஒரு பிடி அள்ளினாள்.
உப்பு கொஞ்சம் அதிகம் என்றாள்.