அரைப்பேர்

கம்பெனி அணிக்கு என்னை எடுத்த வருஷம்
செக்ரோலில் பேர் விழுந்தது:
ஸ்டோர் உதவியாள்.
ஸ்டோருக்குள் நான் போனதெல்லாம்
ஹொக்கி மட்டை நனையாமல் வைக்கத்தான்.

நுவரெலியாவில் தை மாதம்.
விடியமுன் பயிற்சி.
புல் முழுக்க உறைபனி,
பந்து போன வழி மட்டும்
பச்சைக் கோடாய் நிற்கும்.
கோச் முபாரக் அதைப் பார்த்தே ஏசுவார்:
"அமலதாஸ், உன்ட கோடு ஏன்
எப்பவும் வேறொருத்தன் காலடியில முடியுது?"

இடது ஓரம் என் இடம்.
பதினொரு சீசன், மூன்று கம்பெனி.
ஒருமுறை என்னைக் கொடுத்து
ஒரு கோலியும் இரண்டு புது மட்டையும் வாங்கினார்கள்.
மட்டை நல்ல மட்டை.

அடித்த கோல் பத்தொன்பது.
அடிக்கக் கொடுத்த பந்தை யாரும் எழுதவில்லை.
கொழுந்து நிறை குறைந்தால் அம்மாவுக்கு
அரைப்பேராவது போடுவார் கணக்கப்பிள்ளை.

மாத்தளையில் கடைசி ஆட்டம்,
இரண்டு நிமிஷம் மிச்சம்.
கோலி சறுக்கி விழுந்து கிடக்கிறான்,
கம்பங்களுக்கு நடுவே யாருமில்லை.
அடி, அடி என்கிறது மைதானம்.
வலது பக்கம் புதுப்பொடியன் ரொஷாந்தின்
மூச்சு கேட்டது.
யோசிக்கவில்லை,
கை பழகியபடி செய்தது.

பேப்பரில் அவன் பேர்,
எழுத்துப்பிழை இல்லாமல்.

திங்கட்கிழமை ஸ்டோருக்குப் போனேன்.
வாட்டுத் தொட்டி எந்தப் பக்கம் என்று
ஒரு பிள்ளையிடம் கேட்டேன்.
முழங்காலில் கட்டு,
தலைமயிரில் தேயிலைத் தூசு.
பொழுதுபட செக்ரோலில்
ஒரு முழுப்பேர்.